இரண்டு நோட்டும் ஒத்துப்போன வருஷம்

எங்கள் மேடத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவருடைய பொறுமையைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பொறுமையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பதினான்கு வருஷம் அவருக்குப் பக்கத்து மேஜையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து கிடந்தவன் நான். பதவி, ஆய்வக உதவியாளர். கண்ணாடிக் குழாய் கழுவுவது, தண்ணீர் மொண்டு வருவது, எண்ணுவது எல்லாம் என் தலையில். அவர் விஞ்ஞானி. ஆனால் படகுத்துறையில் யாரும் அவரை அப்படிச் சொல்வதில்லை. அங்கே அவருக்குச் சிப்பியம்மா என்று பெயர்.

சிப்பி ஆராய்ச்சி என்றதும் முத்தெடுக்கிற வேலை என்று என் மாமனார் நினைத்துக்கொண்டார். கல்யாணம் முடிகிறவரை நானும் வாயைத் திறக்கவில்லை. முத்தும் இல்லை, மண்ணும் இல்லை. உண்மையில் பார்த்தால் மண்தான் நிறைய. ஆறு கடலில் கலக்கிற எங்கள் முகத்துவாரத்தின் அடியில் ஒரு காலத்தில் சிப்பிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, திட்டுத் திட்டாக வளர்ந்திருந்தன. சுண்ணாம்புக்காக அத்தனையையும் வாரி எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது சேறு. சிப்பிக் குஞ்சு பிறந்து இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் அலையும். அதற்குப் பிறகு ஒட்டிக்கொள்ள உறுதியான ஏதாவது வேண்டும். பழைய சிப்பி ஓடு கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். சேற்றில் விழுந்தால் கதை முடிந்தது. ஆகவே நாங்கள் ஓட்டைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். வேலை இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். ஓட்டல்களின் பின்வாசலில் நின்று, சாப்பிட்டுத் தூக்கிப்போட்ட ஓடுகளைக் கேட்டு வாங்கி வர வேண்டும். அவற்றை ஆறு மாதம் முற்றத்தில் வெயிலில் காயப்போட்டு, புரட்டிப்போட்டு, வலைப்பைகளில் கட்ட வேண்டும். முதல் மாதத்து நாற்றம் மூக்கைத் துளைக்கும். "குளிச்சிட்டு வந்து பேசுங்க" என்பதுதான் என் மனைவி மாலையில் எனக்குச் சொல்லும் வரவேற்பு. மேடம் அந்தக் குவியலுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நிதானமாக மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். மூக்கு அவருக்கு எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது.

இதில் எல்லாமே நாளைப் பொறுத்தது. ஓட்டை ஒரு வாரம் முன்னதாகப் போட்டால் வழவழவென்று பாசி படர்ந்து, அதன் மேல் கொட்டலசு என்கிற கடலுயிர் வெள்ளைக் கொப்புளமாக ஒட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வருகிற குஞ்சுக்கு இடமிருக்காது. இரண்டு நாள் பிந்திப் போட்டால் குஞ்சு காத்துக்கொண்டிருக்காது. வருஷத்துக்கு ஒரு தடவைதான் பெருங்கூட்டமாக வரும். அந்த ஒரு தடவையைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

அந்த நாளைக் குஞ்சுதான் சொல்லும். ஒட்டுகிற பருவம் வந்ததும் அதன் உடம்பில் ஒரு கரும்புள்ளி தோன்றும். நாங்கள் அதைக் கண் என்போம். நூறு குஞ்சுகளை எண்ணி, அதில் பத்துக்குக் கண் வந்திருந்தால் மறுநாளே படகில் ஏற்ற வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் துள்ளிக்கொண்டிருக்கிற தூசுகளில் ஊசிமுனைப் புள்ளியைத் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்வார்களே, அந்த வேலைதான். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுவரை.

இதற்கு மேடம் ஒரு விதி வைத்திருந்தார். அவருக்கு ஒரு நோட்டு, எனக்கு ஒரு நோட்டு. ஒரே வாளித் தண்ணீரிலிருந்து இருவரும் தனித்தனியாக எண்ண வேண்டும். எண்ணும்போது பேசக் கூடாது. எழுதியதும் நோட்டை மூடி நடு மேஜையில் வைத்துவிட வேண்டும். பதினொன்று அடித்ததும் இரண்டையும் சேர்த்துத் திறப்போம். வித்தியாசம் இரண்டுக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் புதுச் சொட்டு எடுத்து மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். "ஒருத்தர் தப்பு பண்ணலாம். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே தப்பைப் பண்ண முடியாதுப்பா" என்பார். விதி நல்ல விதிதான். அதில் ஓட்டை போட்டவன் நான்.

போன வருஷம் எங்கள் திட்டத்துக்கு ஐந்தாவது வருஷம். முதல் வருஷம் நாங்கள் போட்ட இடம் தப்பு. இரண்டாவது வருஷம் புயல் வந்து பைகளை எல்லாம் சேற்றில் புதைத்தது. அடுத்த இரண்டு வருஷமும் ஏதோ ஒட்டியது, ஓட்டுக்கு மூன்று, நான்கு என்று. ஐந்து இருந்தால்தான் திட்டு தானாக வளரும் என்பது கணக்கு. இயக்குநர் மேடத்தைக் கூப்பிட்டு இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் ஒட்டவில்லை என்றால், இந்த முகத்துவாரத்தில் சிப்பி இனி வளராது என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். அப்படி எழுதிவிட்டால், முகத்துவாரத்தைத் தோண்டி ஆழப்படுத்தும் இயந்திரத்தைக் கொண்டுவரக் காத்திருப்பவர்களைத் தடுக்க யாருக்கும் காரணம் இருக்காது. மேடத்துக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. வாழ்க்கையில் பாதியைக் கொட்டிய இடம் வளராத இடமா என்பது குஞ்சு வருகிற அந்த ஆறு வாரத்தில் தெரிந்துவிடும்.

மேடம் இயக்குநர் அறையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன சொன்னார் மேடம்?" என்றேன்.

"கடைசி வருஷமாம். டீ சொல்லுப்பா."

அவ்வளவுதான். நானாக இருந்தால் கதவை உடைத்திருப்பேன்.

குஞ்சுக் காலம் தொடங்கியது. முதல் வாரத்திலேயே எங்கள் நோட்டுகள் சண்டை போட ஆரம்பித்தன. எனக்குக் கண் வந்தவை ஆறு என்றால் அவருக்கு இரண்டு. மறுபடி எண்ணினோம். எனக்கு ஐந்து, அவருக்கு இரண்டு. இன்னொரு தடவை. முதல் சில நாள் அவர் என் சொட்டைக் குறை சொன்னார், பிறகு விளக்கைக் குறை சொன்னார், பல்பை மாற்றச் சொன்னார். மாற்றினேன். ஒரு புதன்கிழமை நான்கு தடவை எண்ணியும் ஒத்துவரவில்லை. மணி இரண்டு. சாப்பாட்டு டப்பா அப்படியே இருந்தது. மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தார். கையை எடுத்தபோது கண் சிவந்து நீர் வழிந்தது. அழுகையா, களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு முடியலப்பா" என்றார். "இன்னொரு தடவை எண்ணிடலாம்."

ஐந்தாவது தடவை அவர் முதலில் முடித்து, நோட்டை மூடி வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. நான் அவருடைய நோட்டைத் திறந்து பார்த்தேன். மூன்று என்று இருந்தது. நான் எண்ணியது ஏழு. என் நோட்டில் நான்கு என்று எழுதினேன். அவர் வந்து இரண்டையும் திறந்து பார்த்துவிட்டு, "அப்பாடா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அன்று என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எனக்கும் பாதி வைத்தார்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். அவர் முகம் கழுவப் போவார். நான் பார்ப்பேன். ஒன்று கூடவோ ஒன்று குறையவோ எழுதுவேன். அச்சடித்தாற்போல ஒரே எண்ணிக்கையாக இருந்தால் சந்தேகம் வரும் என்று அதிலும் ஒரு சாமர்த்தியம். மறு எண்ணிக்கை நின்றுபோனது. பதினொன்றரைக்கெல்லாம் டீ குடித்தோம். ஆய்வகத்தில் அவ்வளவு நிம்மதியான நாட்களை நான் பார்த்ததில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிடீ சொல்றது? இவ்வளவு பெரிய ஆள்கிட்ட."

"பஸ்ல டிக்கெட் குடுக்கறவர் தப்பா சில்லறை குடுத்தா இறங்கற வரைக்கும் கத்துவீங்க. இதுக்கு மட்டும் வாயில என்ன கொழுக்கட்டையா?"

எழுந்து குளிக்கப் போய்விட்டேன். அவள் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் கோபம் வந்தது.

கண் விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் ஒரு பேட்டரியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை. சமையலறையில் கடைவீதிக்குப் போடுகிற அளவுக்குப் பெரிய பல்பு எரிந்துகொண்டிருந்தது. மருந்து பாட்டில்களில் காகிதம் ஒட்டி, தடித்த பேனாவால் காலை, இரவு என்று எழுதியிருந்தது. அவருடைய வீட்டுக்காரர் தபால் பிரிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், செய்தித்தாளை உரக்கப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். மேடம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க மேடத்துக்கு எழுத்தே பிடிக்காமப் போச்சு தம்பி, குரல்தான் வேணுமாம்" என்றார் அவர்.

மேடம் அவரை ஒரு பார்வை பார்த்தார். நானும் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு, மூன்று பேரும் தெரியாத மாதிரி டீ குடித்தோம்.

நான்காவது வாரம் கூட்டம் வந்தது. திங்கட்கிழமை நான் பார்த்தது எட்டு. அவர் நோட்டில் நான்கு, நான் ஐந்து எழுதினேன். செவ்வாய்க்கிழமை நான் பார்த்தது பதினொன்று. விதிப்படி மறுநாள் படகு கிளம்ப வேண்டும். அவர் நோட்டில் ஐந்து. என் பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. பதினொன்று என்று எழுதினால் அவர் மறுபடி எண்ணுவார், மறுபடியும் ஐந்து வரும், பிறகு மறுபடி. இரண்டு வாரமாக ஒத்துப்போனவன் இன்று மட்டும் ஏன் என்று கேட்பார். நாளைக்குக் கூடினால் அவருக்கே தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆறு என்று எழுதினேன்.

புதன்கிழமை நான் பார்த்தது பதினைந்து. அவர் ஏழு. வியாழக்கிழமை நான் பத்தொன்பது, அவர் எட்டு. பத்துக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை எனக்கு இருபது. அவர் நோட்டைத் திறந்தேன். ஒன்பது. என் கையும் ஒன்பது என்று எழுதியது.

"மேடம், நாளைக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் ஒன்பதுதானே இருக்கு?"

"மனசு சொல்லுது மேடம்."

"மனசு சொல்றதை நோட்டுல எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று சிரித்தார். "இருக்கறது ஒரே ஒரு லோடு. அவசரப்பட்டுப் போட்டுட்டு, பாசி பிடிச்சா யாரைக் கேக்கறது? நாளைக்குப் பத்து வரட்டும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மென்று விழுங்கினேன். என் நோட்டே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை நான் பார்த்தது பன்னிரண்டு. கூடவில்லை, குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து. கண் வந்தவை எல்லாம் ஒட்ட இடம் தேடிக் கீழே இறங்கிவிட்டன என்று அர்த்தம். மேடத்தின் நோட்டில் ஆறு, பிறகு இரண்டு. "இறங்குதே... இன்னும் நாள் இருக்கு போல" என்றார்.

திங்கள் காலை படகுக்காரர் வந்தார். அறுபது வயது, ஆய்வகத்துக்குள் செருப்பில்லாமல்தான் வருவார். வாசலிலேயே நின்று என்னை முறைத்தார்.

"என்ன தம்பி, ஓட்டை எப்பப் போடறதா உத்தேசம்? என் சின்னப் படகைக் கவுத்துப் போட்டேன். அடியில எல்லாம் ஒட்டியாச்சு."

மேடம் வெள்ளைக் கோட்டோடேயே படகுத்துறைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். கவிழ்த்த படகின் பக்கத்தில் மண்டியிட்டு, அடிப்பலகை மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். முன்னிருந்து பின்வரை. மணல் ஒட்டினாற்போல நெருநெருவென்று இருந்தது. கண்ணால் பார்க்க அவர் குனியவே இல்லை. விரலை ஒரு இடத்தில் நிறுத்தி, எண்ணினார். உள்ளங்கை அகலத்துக்கு முப்பதுக்கு மேல்.

"நாலஞ்சு நாள் ஆயிருக்கும்மா" என்றார் படகுக்காரர்.

"ஆமாண்ணே" என்றார் மேடம். எழுந்திருக்க முடியவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. நான் கை கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பொய் எழுதிய கையை அவர் பிடித்தது எனக்கு இன்றைக்கும் உறைக்கிறது.

அன்றே ஏற்றினோம். முற்றத்திலிருந்து படகுக்கு ஆறு பேர் வரிசையாக நின்று பைகளைக் கை மாற்றினோம், மேடம் ஏழாவது ஆளாக நின்றார். ஓட்டு விளிம்பு கிழித்து எல்லோர் கையிலும் ரத்தம். சாயங்காலத்துக்குள் கடைசிப் பை தண்ணீரில் இறங்கியது. பிந்தி வந்த குஞ்சு கொஞ்சமாவது இருக்கும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை.

மூன்று வாரம் கழித்து பத்துப் பைகளை மேலே எடுத்தோம். நூறு ஓட்டைப் பொறுக்கித் தரையில் பரப்பினேன். நூறு ஓட்டுக்கும் சேர்த்து முப்பத்தொன்று. மிச்சமெல்லாம் கொட்டலசு. மேடம் ஒவ்வொரு ஓட்டையும் எடுத்து, விரலால் தடவி, இடப்பக்கம் வைத்தார். நூறும் முடிந்தபின் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வீட்டுக்காரர் வழக்கம்போல ஒன்றரைக்கு போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டார். "சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னார்.

இயக்குநரிடம் போக மூன்று நாள் இருந்தது. எல்லாம் இத்தோடு போயிற்று என்று நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மட்டும் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, கையில் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு நாளாகப் பார்த்தார். அந்த வருஷத்து நோட்டுகள், அதற்கு முந்திய வருஷத்து நோட்டுகள், அதற்கும் முந்தியவை. இரண்டாம் நாள் மதியம் என்னைக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்திட்டு வா."

சாத்தினேன்.

"பழைய நோட்டைப் பாரு. நீ எட்டு, நான் அஞ்சு. நீ நாலு, நான் ஏழு. மறுபடி எண்ணியிருக்கோம். போன வருஷம் மட்டும் பத்தொன்பது தடவை. இந்த வருஷம் அந்தப் புதன்கிழமைக்கப்புறம் ஒரு தடவைகூட ஒண்ணுக்கு மேல வித்தியாசம் இல்ல. ரெண்டு மனுஷங்க தனித்தனியா எண்ணினா இவ்வளவு அழகா ஒத்துப்போகாதுப்பா." பூதக்கண்ணாடியை மேஜை மேல் வைத்தார். "நீ எத்தனை பார்த்தே?"

எட்டு, பதினொன்று, பதினைந்து, பத்தொன்பது, இருபது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். மனப்பாடமாக இருந்தது. இருபது என்றபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சுது" என்றார். "ஏன்ப்பா?"

"உங்க மேல இருந்த மரியாதையில மேடம். நீங்க கஷ்டப்படறதைப் பார்க்க முடியல."

"மரியாதையா? அதைக் குடுக்கத்தான் ஊர்ல எவ்வளவோ பேர் இருக்காங்களே. உன்கிட்ட நான் கேட்டது எண்ணிக்கை."

அவர் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கத்தவில்லை. பதினான்கு வருஷமாக நான் எரிச்சல்பட்ட அதே பொறுமையோடு, அடுத்த நாளைக்கு வாளி கழுவச் சொல்கிற குரலில் சொன்னார்.

"இப்ப எழுதிடறேன் மேடம்" என்றேன். "சரியான எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். குஞ்சு வந்தது உண்மைன்னு தெரிஞ்சுடும், மூட மாட்டாங்க."

"ஞாபகத்துலேருந்து எழுதினதை நான் எந்த அறிக்கையிலயும் சேர்க்க மாட்டேன். நாளைக்கு நீயே இருபதா இருபத்தஞ்சான்னு குழம்புவே."

மறுபடி எண்ணிப் பார்க்க அந்தத் தண்ணீரையாவது வைத்திருந்தோமா? எண்ணி முடித்ததும் வாளியைக் கடலிலேயே ஊற்றச் சொல்வார் அவர். உயிரோடு இருக்கிறதே, பிழைத்துப் போகட்டும் என்பார். கருணையால் கெட்டவர்கள் அந்த அறையில் நான் மட்டும் இல்லை. இதை அவரிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

இயக்குநர் அறைக்கு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். இயக்குநர் கெட்டவர் இல்லை. பெரிய மேஜை, அதில் பாதிக்குக் கோப்புகள், அவர் முகத்திலும் தூக்கமில்லை. நூறு ஓட்டுக்கு முப்பத்தொன்று என்ற வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப வளராதுன்னுதானே எழுதணும்?"

"அப்படி எழுத முடியாது" என்றார் மேடம். "குஞ்சு வந்ததா இல்லையான்னு சொல்ல நம்மகிட்ட நம்பற மாதிரி எண்ணிக்கை இல்ல. ரெண்டு பேர் எண்ணினோம். ரெண்டு பேரையும் நம்ப முடியாது. அதுல ஒருத்தி நான்."

நடந்ததைச் சொன்னார். என்னைப் பற்றிச் சொல்லும்போது கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிறகு கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். கண் மருத்துவர் எழுதியது. தேதியைப் பார்த்தேன். ஒன்றரை வருஷத்துக்கு முந்தியது. இரண்டு கண்ணிலும் புரை, உடனே அறுவை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது.

"ஆபரேஷன் பண்ணினா எண்ணற வேலையை வேற யார்கிட்டயாவது குடுக்கணும். சீசன் முடியட்டும்னு தள்ளினேன். அப்புறம் அடுத்த சீசன். இந்தத் தம்பி மூணு வாரம் மறைச்சான். நான் ரெண்டு சீசன் மறைச்சேன். போன வருஷ எண்ணிக்கையையும் எடுத்துடுங்க."

இயக்குநர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, மடித்து அவர் பக்கமே தள்ளினார். "உதவியாளர் தப்பா எழுதினார்னு மட்டும் போட்டுடலாமே" என்று மெதுவாகச் சொன்னார். "உங்க பேராவது தப்பிக்கும். ஆறு மாசத்துல ஓய்வு பெறப்போறீங்க."

"என் பேர் தப்பிச்சா அந்த இடம் தப்பிக்காது சார். பார்க்கத் தெரிஞ்சவங்க பார்த்தும் ஒட்டலன்னு ஆயிடும். பார்க்கத் தெரியாதவங்க பார்த்தாங்கன்னு எழுதுங்க."

அவர் அப்படியே எழுதினார். கெட்டவர் இல்லை என்று சொன்னேனே. இரண்டு வருஷத்து எண்ணிக்கை செல்லாது என்றும், இன்னும் ஒரு பருவம் பார்த்தபின் முடிவு செய்யலாம் என்றும், அந்தப் பருவத்துக்கு வேறு விஞ்ஞானி பொறுப்பு என்றும் எழுதி, படித்துக்காட்டினார். மேடம் தலையாட்டினார். திட்டம் பிழைத்தது. மேடத்துக்கு அதில் இடமில்லை. கையெழுத்துப் போடுகிற இடத்தை நான் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

"இவரை என்ன பண்றது?" என்று இயக்குநர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

வேறு பிரிவுக்குத் தூக்கி அடிப்பார்கள், அடிக்கட்டும் என்று நின்றேன்.

"எண்ணறதுக்கு இவனையே வைங்க" என்றார் மேடம். "இங்க இருக்கற எல்லாரையும்விட இவன் கண்ணு நல்லா இருக்கு." நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "ஆனா கூட உட்கார்ந்து எண்ணறவங்க, இவனுக்குப் பிடிக்காத ஆளாப் பார்த்துப் போடுங்க."